அக்காவின் ரன்னிங் கமெண்டரி

எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷ் நுழைந்தது பள்ளிக்கூடப் பையோடு அல்ல. அப்பாவின் லேத் பட்டறையில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரேடியோ வழியாக நுழைந்தது. தனியாகவும் வரவில்லை, துணைக்கு இந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டவள் என் அக்கா. அதே அக்காதான் ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷில் தவறாமல் பெயிலாகிக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அப்பா பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் பட்டறை, மீதிப் பேருக்கு மில். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் மட்டும் அப்பா லேத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தியும் தெரியாது. கமெண்டரியோ இந்த இரண்டில்தான் மாறி மாறி வரும். ஆனாலும் ஒரு பந்து விடாமல் கேட்பார். கூட்டம் கத்தினால் நல்லது, அடங்கினால் கெட்டது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். மேட்ச் வெளிநாட்டில் நடந்தால் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும் என்பது அவருக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

உறைத்த பிறகு அக்கா தேவைப்பட்டாள். "அம்மணி, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிக்கிறயல்ல, இங்க வந்து இவனுக என்ன சொல்றானுகன்னு சொல்லு" என்று கூப்பிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை. அந்த வேலையெல்லாம் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. அதனால் அக்கா ஸ்டூலை விட்டு இறங்கவேயில்லை. ஒரு வரியும் புரியவில்லை என்பதற்காக அவள் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள், அவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னாள். எங்கள் பட்டறையில் இந்தியா தோற்றதே இல்லை. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊரில் போய் விழுந்தது, எதிரணி ஆள் அழுதுகொண்டே நடந்து போனான் என்றெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல, அப்பா கையில் ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டு நிற்பார்.

இந்த ராஜாங்கம் ஒரு டீக்கடையில் முடிந்தது. ஒரு நாள் காலையில் அப்பா, முந்தின நாள் மேட்சில் இந்தியா ஜெயித்த விதத்தைக் கையைக் காலை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தபோது பேப்பர் வந்து சேர்ந்தது. அதில் இந்தியா படுதோல்வி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராக ஒருவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். "பேப்பர்ல தப்பாப் போட்டுப்போட்டானுக போலிருக்குதுங்க" என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னாராம். "நீங்க சொன்னதுதானுங்க நல்லா இருந்துது" என்றாராம் இன்னொருவர். அந்த மரியாதையைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள்.

அன்றைக்கு அக்காவுக்கு உதை விழும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மேட்ச் அன்று அப்பா வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். "என்ன சொல்றாங்க கண்ணு?" என்று வழக்கம்போலவே கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலீங்கப்பா" என்றாள்.

"செரி, தெரிஞ்ச வரைக்கும் சொல்லு" என்றார் அப்பா.

தெரிந்த வரைக்கும் என்றால் முதல் நாள் நாலைந்து வார்த்தைதான். ஆனால் வெட்கப்பட்டவள் விடவில்லை. ராத்திரி கேட்டதை மனதில் வைத்திருந்து, காலையில் தமிழ்ப் பேப்பரோடு ஒத்துப் பார்ப்பாள். எந்த ஓவரில் யார் எப்படி அவுட் ஆனார் என்று பேப்பர் சொல்லிவிடும். அப்படியென்றால் அந்த நேரத்தில் ரேடியோக்காரர் கத்தியது இதைத்தான் என்று இவள் பிடித்துக்கொள்வாள். நிலைப்படியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை அதே குரலில், அதே மூச்சிரைப்போடு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். இந்தியும் இப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை வடக்கேயிருந்து கம்பளி விற்க வந்தவரிடம் அக்கா இந்தியில் பேசினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட் இந்திதானே. அவர் விலையைக் குறைக்கக் குறைக்க, அருமையான அடி, நாலு ரன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த மனுஷர் சிரித்துச் சிரித்துக் கம்பளியை மடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு தெரிந்தவள் பரீட்சையில் ஏன் பெயிலானாள் என்றால், அந்தப் பரீட்சையில் யாரும் கிரிக்கெட் பேட்டைத் தொடவில்லை. அரையாண்டில் மழைக்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அக்கா மேகம் சூழ்ந்தது வரைக்கும் சரியாகத்தான் எழுதினாள். அதற்கப்புறம் வெளிச்சம் போதாததால் நடுவர்கள் பேசி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று முடித்துவிட்டாள். மார்க் முட்டை.

அந்த முட்டையைக் கேள்விப்பட்டுப் பெரியப்பா வந்தார். அவர் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. கெட்ட மனிதர் இல்லை, எங்கள் மேல் அக்கறை உள்ளவர், அதுதான் சிக்கல். "பெயிலாகறவளைப் படிக்க வெச்சு என்னப்பா பண்ணப்போறே. எங்க மில்லுல எடம் இருக்குது, சொல்லி வெச்சிருக்கேன். அண்ணன் தம்பி புள்ளைக ஒண்ணா வேலைக்குப் போயிட்டு வரட்டும்" என்றார். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். அப்பா பார்க்கலாமுங்கண்ணா என்றார். எங்கள் பக்கத்தில் பார்க்கலாமுங்க என்றால் சரி என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். அப்பாவுக்கே எது என்று தெரியவில்லை.

ஒன்றாக என்று பெரியப்பா சொன்னது தன் மகளைச் சேர்த்து. அவளை நாங்கள் பெரியக்கா என்போம். அக்காவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்குப் போனவள். நன்றாகப் படித்த பிள்ளை என்று அம்மா எப்போதாவது சொல்வாள், சொன்ன கையோடு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் பெரியக்கா எங்கள் வீட்டுக்கு வருவாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் பெருத்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

பொங்கல் லீவு முடிந்து அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் புது இங்கிலீஷ் டீச்சர் வந்தார். பாலக்காட்டுக்காரர். பொள்ளாச்சிப் பஸ்ஸில் போய்வரும்போது ஜனங்கள் சீட்டுக்குச் சண்டை போடுவதை ஆசையாகக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டாராம். ஆகவே புத்தகத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. பெயிலானவர்களைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு எதுல உயிரோ அதை எடுத்துக்கங்க. ஒரு மாசம் அதை மட்டும் இங்கிலீஷ்ல பாருங்க, இங்கிலீஷ்ல சொல்லுங்க. கடைசியில மைக்ல செஞ்சு காட்டணும், அப்பா அம்மா எல்லாரும் வரணும்" என்றார். அக்காவின் மழைக்காலக் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டதாம். நீ கமெண்டரி சொல்லு என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். ஒன்பது ஏ-வும் ஒன்பது பி-யும் விளையாடும், அக்கா மைக்கில் சொல்வாள் என்று ஏற்பாடு.

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக எதையும் செய்ய முடியவில்லை. அம்மா தோசை ஊற்றினால் அக்கா பக்கத்தில் நின்று, அம்மா கரண்டியோடு நிதானமாக வருகிறார், அழகாகச் சுழற்றுகிறார், ஓரத்தில் ஒரு ஓட்டை, ஆனாலும் தப்பித்துக்கொண்டது என்று இங்கிலீஷில் சொல்வாள். நான் பாத்திரம் கழுவுவதற்கும் கமெண்டரி உண்டு. அதில் என் ஆட்டம் எப்போதும் மந்தம் என்றே வரும். தெரியாத வார்த்தை வந்தால் மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். நான் எரிச்சல்பட்டேன், உள்ளுக்குள் அசந்தும் போனேன். பார்க்கிற பொருளுக்கெல்லாம் இன்னொரு மொழியில் உயிர் கொடுக்கிறாளே என்ற பிரமிப்பு இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியக்கா இதையெல்லாம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பாள், சில சமயம் உதடு மட்டும் அசையும்.

செய்து காட்டும் நாள் வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறுதான் பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஞாயிறு. அப்பா லேத்தை நிறுத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "என்ன பண்றான்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. என் பள்ளிக்கு அன்று அரைநாள் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

யாரும் கேட்காமலே அன்று மத்தியானம் ஒரு கோடை மழை கொட்டியது. மைதானம் குளமாகிவிட்டது. வராந்தாவில் மைக்கை வைத்து, பெற்றோர்களை பெஞ்சில் உட்காரவைத்து ஆரம்பித்தார்கள். ஒரு பையன் சட்டைக்குள்ளிருந்து புறாவை எடுத்துக்கொண்டு அதன் குடும்ப வரலாற்றை இங்கிலீஷில் சொன்னான். ஒரு பெண் அரிசிம்பருப்பு சாதம் செய்வதைச் சொன்னாள், தாளிக்கும்போது அவளுக்கே வாயூறி நின்றுவிட்டாள். இன்னொருவன் கண்டக்டர் மகன், மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு ஸ்டாப் விடாமல் ஜனங்களை இங்கிலீஷில் ஏற்றி இறக்கினான். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் மந்திரம் கேட்பதுபோல அடக்கமாகக் கேட்டார்கள்.

அக்கா முறை வந்தது. மேட்ச் இல்லை. டீச்சர் காதருகே குனிந்து, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அடுத்த வாரத்துக்குள் மில்லுக்குப் பதில் போய்விடும் என்பது டீச்சருக்கு எப்படித் தெரியும். இல்லை என்று தலையாட்டிவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு சொல் வரவில்லை. அப்பா மடியில் இருந்த குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அப்போது கேட் வழியாக ஒரு மாடு உள்ளே வந்தது. மழையில் நனைந்த புல்லைப் பார்த்தபடி நேராக நடந்து போய், சரியாகப் பிட்ச்சின் நடுவில் நின்றது. ஹெட்மாஸ்டர் வராந்தாவிலிருந்து, "அதை வெளிய ஓட்டப்பா" என்றார். கழிவறைப் பக்கம் ஒதுங்கியிருந்த வாட்ச்மேன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைக் லேசாகக் கரகரத்தது. "வெல்கம் டு தி ஸ்கூல் கிரவுண்ட்" என்றது அக்காவின் குரல். "ஃப்ரம் தி பாத்ரூம் எண்ட், வாட்ச்மேன் அண்ணா கம்ஸ் இன்."

பெஞ்சில் ஒருவர் சட்டென்று நிமிர்ந்தார். வாட்ச்மேன் சேற்றில் ஓடினார், அக்கா அவரோடு கூடவே ஓடினாள். மாடு நன்றாக நிலைத்துவிட்டது, அவசரப்படவில்லை என்றாள். வாட்ச்மேன் கையை நீட்டினார், மாடு ஒரு அடி நகர்ந்தது, அருமையான கால் நகர்த்தல் என்றாள். அவர் வழுக்கி விழுந்தபோது அவள் குரல் இறங்கி, எழுந்தபோது மெல்ல ஏறியது. கேட்டருகே இரண்டு பையன்கள் கையை விரித்துக்கொண்டு மறித்தார்கள். ஃபீல்டிங் நெருக்கப்பட்டிருக்கிறது என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டாள். ரேடியோவில் வரும் அந்த மூச்சிரைப்பு, அந்த நிதானம், அந்த நையாண்டி எல்லாம் அப்படியே அவள் தொண்டையில் இருந்தன. கடைசியில் மாடு யாரையும் லட்சியம் செய்யாமல், வந்த வழியே தானாக வெளியே போனது. "தி கவ் வாக்ஸ் பேக் டு தி பெவிலியன். நாட் அவுட்" என்றாள் அக்கா. பிறகு தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததுபோல, "தேங்க் யூங்க" என்று முடித்தாள்.

வராந்தாவே குலுங்கியது. ஹெட்மாஸ்டர் சிரித்தார், சேற்றோடு வந்த வாட்ச்மேன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, எனக்கு எல்லாமே புரிஞ்சுதுங்க. இங்கிலீஷ் இத்தனை சுளுவுங்களா?" என்று கேட்டார். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே காதால் கேட்டதால் அங்கிருந்த எல்லோருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அதைச் செய்தவள் இங்கிலீஷில் முட்டை வாங்கிய என் அக்கா. எனக்குக் கால் தரையில் படவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட் தாண்டிய பிறகு, "அந்த மாடு வராம இருந்திருந்தா என்ன கண்ணு பண்ணியிருப்பே?" என்று கேட்டார்.

அக்கா யோசித்துவிட்டு, "மழையைச் சொல்லியிருப்பேனுங்கப்பா" என்றாள்.

அப்பா குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். மழை நின்று வெகுநேரமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். காப்பி குடித்து முடிக்கும் வரை பம்பு, பவர் கட், பஞ்சு விலை எல்லாம் பேசினார்கள். அப்புறம் அப்பா, "அண்ணா, புள்ள படிக்கட்டுமுங்க" என்றார்.

"பாஸ் பண்ணுவாளா?"

"பண்ணாட்டி இன்னொருக்காப் படிக்கட்டுமுங்கண்ணா."

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "செரி, உன்ற இஷ்டம். சொல்லி வெச்சவனுக்கு நான் சமாதானம் சொல்லிக்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெற்றிலை வாங்கக் கடைக்குக் கிளம்பினார்கள். எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது.

பெரியக்கா வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். "மாடு வந்ததை ஒருக்கா சொல்லு அம்மணி, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். அக்கா வெட்கப்பட்டுவிட்டு முழுவதும் சொன்னாள். பெரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் திரும்பி வந்துவிட்டார்கள். பெரியப்பா வீட்டுக் கேட் ஒரு ஆள் நுழையும் அகலம்தான். அண்ணன் முதலில் போகட்டும் என்று அப்பா ஒதுங்கி நின்றார். வந்த விருந்தாளி முதலில் போகட்டும் என்று பெரியப்பா ஒதுங்கினார். நீங்க போங்க, நீ போ என்று ஒருவர் ஒரு அடி வைப்பதும், மற்றவரைப் பார்த்துப் பின்வாங்குவதுமாக நின்றார்கள். எங்கள் பக்கத்து மரியாதையில் இது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கும்.

"டூ பிரதர்ஸ், ஒன் கேட்" என்று ஒரு குரல் கேட்டது. மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய அந்தப் பெருத்த குரல். "ஒன் ஸேஸ் யெஸ். தி அதர் ஸேஸ் நோ. போத் ஆர் ஸ்டில் இன் தி மிடில்." பெரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கேயும் திக்காமல், எங்கேயும் தேடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா கால் எடுத்து வைத்ததை, பெரியப்பா செருப்பைச் சரிசெய்ததை, கையிலிருந்த வெற்றிலைக் கட்டு நழுவப் பார்த்ததை, எதையும் விடவில்லை. அக்கா ஒரு மாதம் பாடுபட்டுப் பிடித்ததை அவள் சுவரில் சாய்ந்தபடியே பிடித்து வைத்திருந்தாள். "நோபடி இஸ் ரன்னிங், நோபடி இஸ் அவுட்" என்று முடித்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன், கைதட்டினேன். அக்காவும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். "என்னப்பா சொல்றா இவ?" என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "நல்லாச் சொல்றாளுங்கண்ணா" என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை, அப்பா சிரிக்கவில்லை, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பெரியம்மாவும் சிரிக்காமல் திரும்பிப் போனாள். இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு யாருமே சிரிக்கவில்லையே, பாவம், இவர்களுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.